85,000 ரூபாய்க்குள் ப்ளெண்டர் + கேமிங் பிசி: எந்த பார்ட்டுக்கு எவ்வளவு ஒதுக்கலாம்?

மாங்கனி_3டி (பாலக்கோடு):
எல்லோருக்கும் வணக்கம். ப்ளெண்டர் 3டி சாஃப்ட்வேரில் சைக்கிள்ஸ் (அதோட ரெண்டர் எஞ்சின்) வைத்து 2 நிமிஷ அனிமேஷன் ஒன்று ரெண்டர் பண்ணணும், மீதி நேரம் 1080பி-யில் கேம். டவரும் அதுக்கு வேண்டிய கரண்ட் ஏற்பாடும் சேர்த்து 85,000 ரூபாய். மானிட்டர், கீபோர்டு, மவுஸ் கையில் இருக்கு. ஒரு கடையில் தந்த கொட்டேஷன் இது: ஐ7 ப்ராசஸர், 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 512 ஜிபி எஸ்எஸ்டி, 450 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), ஆர்ஜிபி கேபினெட், மொத்தம் 42,000. பாதிப் பணத்தில் முடியுதே, இதையே எடுத்துக்கிட்டு கார்டை மட்டும் பின்னாடி மாத்திக்கலாமா? ஒரு விஷயம், பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் போட்டா வீட்டில் லைட் மங்கும்.

ஓசூர்_ஓவர்க்ளாக்:
தம்பி, அந்த கொட்டேஷனில் ஒரு மாடல் நம்பர்கூட இல்ல. ‘ஐ7’னு மட்டும் எழுதினா அது எந்த வருஷத்து ஐ7-ஆகவும் இருக்கலாம். மூணு கேள்வி கேட்டு எழுதி வாங்குங்க: ப்ராசஸரின் முழு நம்பர், மதர்போர்டின் சிப்செட், கிராபிக்ஸ் கார்டின் பேரும் மெமரி வகையும்.

மாங்கனி_3டி:
கேட்டுட்டேன் அண்ணா. ஐ7-4770, எச்81 போர்டு, டிடிஆர்3 ரேம், ஜிடி 730 4 ஜிபி.

ஓசூர்_ஓவர்க்ளாக்:
அப்போ வேண்டாம். 4770 வந்தது 2013-ல். விண்டோஸ் 11-க்கு இன்டெல் பக்கம் 8-ம் தலைமுறையிலிருந்துதான் அதிகாரபூர்வ ஆதரவு, விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிஞ்சது. ஜிடி 730 இன்னும் மோசம்: இப்போதைய ப்ளெண்டரில் சைக்கிள்ஸ் அதை ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) லிஸ்டிலேயே காட்டாது, 4 ஜிபி இருந்தும் உங்க வேலைக்கு ஒண்ணும் உதவாது. கார்டை மட்டும் பின்னாடி மாத்தலாம்னா, அந்த போர்டும் ரேமும் எஸ்எம்பிஎஸ்ஸும் அடுத்த கார்டுக்கு ஈடு கொடுக்காது. இப்போ கொடுக்கிற 42,000-ல் பெரும்பகுதி திரும்ப வராத பணம்.

பர்கூர்_பிக்சல்:
பார்ட் பேச்சுக்கு முன்னாடி கணக்கு. 2 நிமிஷம், நொடிக்கு 24 ஃப்ரேம்னா 2,880 ஃப்ரேம். ஒரு ஃப்ரேமுக்கு 1 நிமிஷம் ஆனா 48 மணி நேரம், 30 நொடி ஆனா 24 மணி நேரம். இந்த நேரத்தைக் குறைக்கிறது கிராபிக்ஸ் கார்டுதான். அதனால பட்ஜெட்டில் மூணில் ஒரு பங்கு கார்டுக்கே போகணும்.

கார்டில் ரெண்டு விஷயம் பாருங்க. ஒண்ணு, என்விடியா ஆர்டிஎக்ஸ். சைக்கிள்ஸில் ஆப்டிக்ஸ் (என்விடியாவின் ரெண்டர் வழி) மூலமா அதிலுள்ள ரே ட்ரேசிங் கோர்கள் (ஒளிப் பாதையைக் கணக்கிடும் பகுதிகள்) நேரடியா வேலை செய்யும். ஏஎம்டி கார்டில் ஹிப்ங்கிற ஏஎம்டியின் சொந்த வழியா ஓடும், கேமில் அதே விலைக்கு நல்ல கார்டுதான், ஆனா சைக்கிள்ஸில் பின்தங்கும். ரெண்டாவது, விஆர்ஏஎம், அதாவது கார்டிலேயே இருக்கிற மெமரி. முழு சீனும் அதுக்குள் அடங்கணும். 4கே டெக்ஸ்ச்சர் (பொருள் மேல ஒட்டுற படம்) ஒண்ணு 4096 × 4096 × 4 பைட், அதாவது 64 எம்பி. ஜேபெக் ஃபைல் டிஸ்கில் 5 எம்பி இருந்தாலும் கார்டில் விரிஞ்சா 64 தான். 16 பிட் படம்னா 128. பத்து பொருள், ஒவ்வொண்ணுக்கும் நாலு டெக்ஸ்ச்சர் படம்னு வைங்க, அங்கேயே இரண்டரை ஜிபி போச்சு. அதுக்கு மேல ஜியோமெட்ரி, முடி, பிவிஎச் (ரே ட்ரேசிங்குக்கான தேடல் அட்டவணை).

கார்டு எதுன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு செய்யுங்க. இப்போ இருக்கிற லேப்டாப்பில் உங்க கனமான சீனை சிபியுவில் (ப்ராசஸரில்) ஒரே ஒரு ஃப்ரேம் ரெண்டர் போடுங்க. ரெண்டர் விண்டோவின் மேல் வரியில் ‘மெம்’, ‘பீக்’னு ரெண்டு எண் வரும். பீக் எண்ணை இங்கே போடுங்க.

அரூர்_ஆர்டிஎக்ஸ்:
ஒரு மாற்றுக் கருத்து. ஆர்டிஎக்ஸ் 5060 8 ஜிபி-யையும் பார்க்கணும். ஜிடிடிஆர்7 மெமரி, நொடிக்கு 448 ஜிபி பேண்ட்விட்த் (மெமரியில் டேட்டா ஓடுற வேகம்). ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி-க்கு 360 தான். சீன் 8 ஜிபி-க்குள் அடங்கினா 5060 தெளிவா முந்தும், கேமில் டிஎல்எஸ்எஸ் ஃப்ரேம் ஜெனரேஷனும் (இடைப்பட்ட ஃப்ரேமை ஏஐ உருவாக்குறது) கிடைக்கும். கரண்ட்டும் 145 வாட் தான், 3060-க்கு 170. 2021-ல் வந்த கார்டை இப்போ புதுசா வாங்கச் சொல்றதுக்கு வலுவான காரணம் வேணும்.

பர்கூர்_பிக்சல்:
காரணம் அந்த ‘அடங்கினா’தான். அடங்கலேன்னா ரெண்டில் ஒண்ணு நடக்கும்: ஜிபியு மெமரி போதலைன்னு ரெண்டர் நின்னுடும், இல்லேன்னா டெக்ஸ்ச்சர் மெயின் ரேமுக்கு வழிஞ்சு பிசிஐ ஸ்லாட் (போர்டில் கார்டைச் செருகுற இடம்) வழியா வந்து போகும். 5060-க்கு பிசிஐ லேன் (டேட்டா பாதை) 8 தான். பிசிஐ 4.0-ல் 8 லேன்னா நொடிக்குச் சுமார் 16 ஜிபி, 3.0-ல் 8 ஜிபி. கார்டுக்குள்ள 448-ல் ஓடுற வேலை 8-க்கு இறங்கினா என்ன ஆகும்னு பார்த்துக்குங்க. சீன் சின்னதா இருந்தா நீங்க சொல்றதே சரி, அதனாலதான் எண்ணைக் கேட்டேன்.

பென்னாகரம்_பாலிகான்:
இன்டெல் ஆர்க் பி580? 12 ஜிபி, 192 பிட் பஸ் (மெமரிப் பாதையின் அகலம்), ப்ளெண்டரிலும் ஓடுது.

ஓசூர்_ஓவர்க்ளாக்:
ஓடும். ஆனா ரீசைசபிள் பார் (கார்டின் முழு மெமரியையும் சிபியு அணுக விடுற அமைப்பு) ஆன் பண்ணாம பி580 போடக்கூடாது, தவிர ரைசன் 5 5600 மாதிரி சிபியு கூடப் போட்டா சில கேம்களில் டிரைவர் சுமையால ஃப்ரேம் நல்லாவே இறங்குது. இந்தப் பட்ஜெட்டில் அந்த வகுப்பு சிபியுதான் வரும்ங்கிறதால நான் தவிர்ப்பேன்.

மாங்கனி_3டி:
போட்டுப் பார்த்தேன். தெரு சீனில் பீக் 6,850 எம்பி. வீட்டு உள்புற சீனில் 3,100.

பர்கூர்_பிக்சல்:
6,850-னா 8 ஜிபி கார்டு விளிம்பில் நிக்கும். விண்டோஸ், திரை, திறந்திருக்கிற வியூபோர்ட் (வேலை பார்க்கிற 3டி ஜன்னல்) எல்லாம் கார்டில் இடம் பிடிக்கும். ஆப்டிக்ஸ் டீநாய்சருக்கும் (படத்தின் புள்ளி இரைச்சலை நீக்குறது) இடம் வேணும். 12 ஜிபி எடுங்க.

வாங்கும்போது கவனிக்க: ஆர்டிஎக்ஸ் 3060 பேரிலேயே 8 ஜிபி ரகம் ஒண்ணு இருக்கு. அதில் மெமரி மட்டும் குறையல, பஸ்ஸும் 192 பிட்டிலிருந்து 128 ஆகி, பேண்ட்விட்த் 360-லிருந்து 240-க்கு வந்துடும். பெட்டியில் 12 ஜிபி, 192 பிட் ரெண்டையும் பாருங்க. ஒருவேளை பணம் கூடி 5060 டிஐ-க்குப் போனாலும் அதே கதை, 8 ஜிபி, 16 ஜிபி ரெண்டும் ஒரே பேரில் விற்குது.

பழைய கார்டுன்னா கடையிலேயே ஜிபியு-இசட் (கார்டு விவரம் காட்டுற சாஃப்ட்வேர்) திறந்து பஸ் 192, மெமரி 12,288 எம்பி வருதான்னு பாருங்க. அப்புறம் 15 நிமிஷம் ஃபர்மார்க் (கார்டை முழு லோடில் சோதிக்கிற சாஃப்ட்வேர்) ஓட விடுங்க. ஹாட்ஸ்பாட் (சிப்பில் அதிகம் சூடான இடம்), ஜிபியு வெப்பத்தைவிட 20 டிகிரிக்கு மேல தள்ளிப் போச்சுன்னா தெர்மல் பேஸ்ட் காய்ஞ்சிருக்கலாம். ஃபேன் ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிஞ்சா தெர்மல் பேட் கசிஞ்சிருக்கு, ரொம்ப நாள் சூட்டில் ஓடின கார்டு.

அரூர்_ஆர்டிஎக்ஸ்:
6,850-க்கு நானும் 12 ஜிபி-தான் சொல்வேன். ஒரு சேர்க்கை: ரெண்டர் ப்ராப்பர்ட்டீஸில் சிம்ப்ளிஃபை ஆன் பண்ணி டெக்ஸ்ச்சர் லிமிட்டை 2048 வைங்க. தூரத்துச் சுவருக்கெல்லாம் 4கே தேவையில்ல. 64 எம்பி படம் 16 ஆகும். நாளைக்குப் பெரிய சீன் வந்தாலும் 12 ஜிபி தாங்கும்.

கேஆர்பி_டேம்:
சிபியு, போர்டு. ரைசன் 5 5600: 6 கோர், 12 த்ரெட், 32 எம்பி எல்3 (சிபியுவுக்குள்ள இருக்கிற வேக மெமரி), கூலர் பெட்டியிலேயே வரும். இன்டெல்லில் ஐ5-12400எஃப் இதுக்கு நேர் போட்டி, எது மலிவா கிடைக்குதோ அதை எடுக்கலாம். அனிமேஷன் ப்ளேபேக், ரிக், மாடிஃபையர் எல்லாம் ஒற்றைக் கோர் வேகத்தைத்தான் நம்பி இருக்கு. துணி, புகை சிமுலேஷனை பேக் பண்றதும் (முன்கூட்டியே கணக்கிட்டு வைக்கிறதும்) சிபியுதான். அதனால சிபியுவை ரொம்பக் கீழேயும் இறக்க வேண்டாம்.

ஏமாறுற இடம் ஒண்ணு. ரைசன் 5 5500, ரைசன் 7 5700 (எக்ஸ் இல்லாதது), 5600ஜி மூணும் பேரில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனா மூணிலும் எல்3 16 எம்பி, பிசிஐ 3.0. ‘5600-க்குப் பதில் 5700 தர்றேன், 8 கோர்’னு சொன்னா, அது 5700எக்ஸ்-ஆன்னு கேளுங்க.

போர்டு பி550. பி450-லும் ஏ520-லும் ஸ்லாட் பிசிஐ 3.0 தான். பி450-ல் பழைய பயாஸ் (போர்டின் அடிப்படை சாஃப்ட்வேர்) இருந்தா 5600 போட்டு ஸ்டார்ட்டே ஆகாது, அப்டேட் பண்ண இன்னொரு பழைய சிபியு தேவைப்படும். பெட்டியில் ‘ரைசன் 5000 ரெடி’ ஸ்டிக்கரோ, போர்டின் பின்புறம் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டனோ இருந்தா கவலையில்ல.

ரேம் 16 + 16, டிடிஆர்4 3200. 2025 கடைசியிலிருந்து மெமரி சிப் எல்லாம் ஏஐ சர்வர் பக்கம் போனதால ரேம் விலை ஏறிடுச்சு. அதுக்காக இப்போ 8 + 8 போட்டு அப்புறம் இன்னொரு 8 + 8 சேர்க்கிறது நல்லதில்ல, நாலு குச்சி கலந்தா 3200-ல் நிக்காம கிராஷ் ஆக வாய்ப்பு அதிகம். கார்டு மெமரியைப் போல ரெண்டு மடங்குக்கு மேல ரேம் இருக்கணும்னு வைங்க, 12-க்கு 32 சரி.

வத்தல்மலை_வோல்ட்:
எல்லாரும் கார்டு பேசுறீங்க. தம்பி முதல் பதிவிலேயே சொன்ன மங்குற லைட்டை யாரும் தொடல. இந்தப் பக்கம் கிராமங்களில் பிசி போறதுக்குக் காரணம் பெரும்பாலும் அதுதான்.

முதலில் எஸ்எம்பிஎஸ் லேபிளைப் படிங்க. கேபினெட்டோட வர்ற ‘450 வாட்’ல் பெரிய எழுத்தில் 450 இருக்கும். கீழே கட்டத்தில் +12 வோல்ட் பக்கம் 18 ஆம்பியர்னு இருந்தா, 12 × 18 = 216 வாட். கார்டும் சிபியுவும் சாப்பிடுறது இந்த 12 வோல்ட் லைனில் மட்டும்தான். உங்களுக்கு கார்டு 170, சிபியு 76, போர்டு, ஃபேன், எஸ்எஸ்டி எல்லாம் 50, ஆக 300 வாட். 216-ல் எப்படி நிக்கும்? கேம் திறந்ததும் ரீஸ்டார்ட் ஆகும், சில சமயம் போர்டையும் சேர்த்துக் கொண்டு போகும். நல்ல 550 வாட் 80 ப்ளஸ் ப்ரான்ஸில் (மின் சிக்கனத் தர முத்திரை) 12 வோல்ட் லைனில் 45 ஆம்பியர் இருக்கும், அதாவது 540 வாட்.

இப்போ அதே லேபிளில் இன்புட் வரியைப் பாருங்க. ‘100–240 வோல்ட்’னு இருந்தா எடுங்க. ‘200–240 வோல்ட்’னு இருந்தா வைச்சுட்டு வந்துடுங்க. மலிவான ப்ரான்ஸ் யூனிட் பலதும் இந்த ரெண்டாவது வகை. நகரத்தில் அது வருஷக்கணக்கா ஓடும். மோட்டார் போட்டா 170-க்கு இறங்குற லைனில் அதோட பாதுகாப்பு சர்க்யூட் கட் பண்ணிடும், ரெண்டர் நடுவிலேயே நிக்கும். 230-ல் 350 வாட் இழுக்க ஒன்றரை ஆம்பியர் போதும். 170-ல் அதே 350-க்கு 2 ஆம்பியருக்கு மேல. கரண்ட் கூடினா எஸ்எம்பிஎஸ் முன்பகுதியில் சூடும் கூடும்.

வாங்குறதுக்கு முன்னாடி ஒரு மல்டிமீட்டர் வைச்சு ரெண்டு அளவு எடுங்க. பிசி வைக்கப் போற சாக்கெட்டில் ஃபேஸ்–நியூட்ரல், மோட்டார் ஓடும்போதும் நின்னபிறகும். அப்புறம் நியூட்ரல்–எர்த். அது 2 வோல்ட்டுக்குள் இருந்தா நல்லது, 5-க்கு மேல போனா எலக்ட்ரீஷியனைக் கூப்பிடணும். எர்த்தே இல்லாத சாக்கெட்டில் பிசி போட்டா கேபினெட்டைத் தொட்டா சுருக்குனு இருக்கும், டெஸ்டர் மினுக்கும். எஸ்எம்பிஎஸ் ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியா கேபினெட்டில் பாதி வோல்ட்டேஜ் மிதக்குறதுதான் அது. யுஎஸ்பி போர்ட், எச்டிஎம்ஐ போர்ட் எரியுறது இப்படித்தான்.

மாங்கனி_3டி:
அளந்தேன் அண்ணா. மோட்டார் இல்லாம 226, ஓடும்போது 178. நியூட்ரல்–எர்த் 1.4. யுபிஎஸ் 600 விஏ போதுமா?

வத்தல்மலை_வோல்ட்:
எர்த் நல்லா இருக்கு. 178 தான் பிரச்சினை.

600 விஏ போதாது. அதில் வாட் 360 தான் இருக்கும். நீங்க சுவரில் இழுக்கப் போறது எஸ்எம்பிஎஸ் இழப்பும் சேர்த்து 350, மானிட்டர் 25. கரண்ட் போன அதே நொடி ஓவர்லோடுன்னு கத்திட்டு ஆஃப் ஆகும். 1000 அல்லது 1100 விஏ, 600 வாட் வகை எடுங்க. உள்ளே ஏவிஆர் (வோல்ட்டேஜ் சீராக்கி) இருக்கணும், அப்போதான் 178-ஐ பேட்டரிக்குப் போகாமலே ஏத்திக் கொடுக்கும். ஏவிஆர் இல்லாததுன்னா மோட்டார் ஓடுற நேரமெல்லாம் பேட்டரியில் ஓடி ஆறு மாசத்தில் பேட்டரி தீரும்.

வீட்டு இன்வெர்ட்டரில் போடலாமான்னு அடுத்த கேள்வி வரும். போடலாம், பின்னாடி இருக்கிற சுவிட்சை ‘யுபிஎஸ்’ பக்கம் தள்ளி வைச்சா மட்டும். நார்மல் பக்கம் இருந்தா மாறுற நேரம் அதிகம். எஸ்எம்பிஎஸ் தன்னிடம் இருக்கிற சார்ஜில் முழு லோடில் சுமார் 16 மில்லி செகண்ட் தான் தாக்குப்பிடிக்கும்.

காவேரிப்பட்டணம்_கூலிங்:
வெப்பத்துக்குச் சுருக்கமா: ஏப்ரல், மே மாசத்தில் ஷீட் கூரை அறையில் 48 மணி நேர ரெண்டர் போடுறதா இருந்தா, முன்புறம் கண்ணாடி மூடின கேபினெட் வேண்டாம், வலை முகப்பு வேணும். முன்னாடி ரெண்டு ஃபேன் உள்ளே, பின்னாடி ஒண்ணு வெளியே. உள்ளே வர்ற காத்து அதிகமா இருந்தாதான் தூசி ஃபில்டரிலேயே நிக்கும், இல்லேன்னா இண்டு இடுக்கெல்லாம் உறிஞ்சும். கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் கிரானைட் பட்டறை கிட்ட வீடுன்னா ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழுவிக் காயவைச்சு மாட்டுங்க. அந்தத் தூள் மாவு மாதிரி, ஹீட்சிங்க் இடுக்கில் படிஞ்சா ஊதினாலும் போகாது, பிரஷ்தான்.

இன்னொண்ணு, ஆஃப்டர்பர்னர் சாஃப்ட்வேரில் கார்டின் பவர் லிமிட்டை 80% வைங்க. 170 வாட் 136 ஆகும். ரெண்டர் வேகம் கொஞ்சம்தான் குறையும், ஆனா சத்தமும் சூடும் நல்லாவே இறங்கும்.

பர்கூர்_பிக்சல்:
கரண்ட் பேச்சு வந்ததால இதையும் சொல்லிடறேன். நேரடியா எம்பி4-ஆ ரெண்டர் போடாதீங்க. 2,700-வது ஃப்ரேமில் கரண்ட் போனா ஃபைலே திறக்காது. ஃப்ரேமுக்கு ஒரு படமா, பிஎன்ஜி அல்லது இஎக்ஸ்ஆர் ஃபைல் வரிசையா போடுங்க. அவுட்புட் ப்ராப்பர்ட்டீஸில் ஓவர்ரைட்டை எடுத்துட்டு ப்ளேஸ்ஹோல்டர்ஸை டிக் பண்ணுங்க. திரும்ப ரெண்டர் கொடுத்தா முடிஞ்ச ஃப்ரேமை விட்டுட்டு மீதியை மட்டும் போடும். ஒரு எச்சரிக்கை: கரண்ட் போன நொடியில் எழுதிக்கிட்டிருந்த ஃப்ரேம் 0 கேபி ஃபைலா நிக்கும், முடிஞ்சதுன்னு நினைச்சு ப்ளெண்டர் அதைத் தாண்டிடும். ஃபோல்டரை சைஸ் வரிசையில் அடுக்கி 0 கேபி ஃபைலை அழிச்சுட்டு ஸ்டார்ட் பண்ணுங்க.

1080பி இஎக்ஸ்ஆர் ஹாஃப் ஃப்ளோட் (16 பிட்), சுருக்காம ஒரு ஃப்ரேம் சுமார் 16.6 எம்பி. 2,880 ஃப்ரேமுக்கு 48 ஜிபி கிட்ட. அதனால எஸ்எஸ்டி 1 டிபி, என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி ரகம்), டிஎல்சி சிப் வகை. மலிவான க்யூஎல்சி சிப் வகையில் கேஷ் (தற்காலிக வேகப் பகுதி) நிறைஞ்சதும் எழுதும் வேகம் படுத்துடும்.

மாங்கனி_3டி:
எல்லாம் சேர்த்து என் மேல் வரம்பு இப்படி. ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி 28,000. ரைசன் 5 5600 11,000. பி550 போர்டு 9,000. 16 + 16 ரேம் 14,000. 1 டிபி எஸ்எஸ்டி 7,000. 550 வாட் ப்ரான்ஸ், 100–240 இன்புட், 5,000. வலை முகப்பு கேபினெட், மூணு ஃபேனோட 3,500. 1100 விஏ யுபிஎஸ் 6,500. மொத்தம் 84,000. எங்கே வாங்குறது நல்லது?

ஓசூர்_ஓவர்க்ளாக்:
சரியான லிஸ்ட். ரேம் 14,000-ஐத் தாண்டினா எஸ்எஸ்டி-யை 500 ஜிபி ஆக்கி, முடிஞ்ச ஃப்ரேம்களை பழைய ஹார்டு டிஸ்குக்கு மாத்திக்குங்க. எஸ்எம்பிஎஸ்ஸிலும் யுபிஎஸ்ஸிலும் கை வைக்காதீங்க.

பெங்களூரு எஸ்பி ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவில் விலையை ஒப்பிட்டுப் பார்க்கலாம், பாலக்கோட்டிலிருந்து ஓசூர் வழியா ரயில் இருக்கு. ஆனா யுபிஎஸ், எஸ்எம்பிஎஸ் ரெண்டையும் தருமபுரியிலோ சேலத்திலோ வாங்குங்க. கனமான சாமான், பேட்டரி வேற, வாரண்டிக்குத் தூக்கிக்கிட்டு அலையக் கூடாது. எங்கே வாங்கினாலும் ஜிஎஸ்டி பில், பில்லிலேயே ஒவ்வொரு பார்ட்டின் சீரியல் நம்பர். கார்டின் சீரியல் நம்பர் பெட்டியிலும் கார்டிலும் ஒண்ணான்னு கடையிலேயே பாருங்க. ஆன்லைனில் எடுத்தா பார்சல் டேப் கிழிக்கிறதிலிருந்து சீரியல் நம்பர் தெரியுற வரைக்கும் வெட்டாம ஒரே வீடியோ.

கேஆர்பி_டேம்:
மாட்டும்போது வழக்கமா தப்பு நடக்கிற இடங்கள். ரேம் குச்சி ரெண்டையும் சிபியு பக்கத்திலிருந்து 2-வது, 4-வது ஸ்லாட்டில். சிபியுவுக்கான 8 பின்னும் கார்டுக்கான 8 பின்னும் வேற வேற, கேபிளில் ‘சிபியு’, ‘பிசிஐஇ’னு எழுதியிருக்கும், நுழையலேன்னா அழுத்தாதீங்க. கூலர் அடியிலேயே பேஸ்ட் தடவி வரும், மேல இன்னொரு தடவை போட வேண்டாம். நாலு ஸ்க்ரூவையும் குறுக்கு மாறா கொஞ்சம் கொஞ்சமா முறுக்குங்க. 5600-ல் உள் கிராபிக்ஸ் கிடையாது, அதனால எச்டிஎம்ஐ-யை போர்டில் செருகினா திரை கருப்பாவேதான் இருக்கும், கார்டில் செருகுங்க. முதல் தடவை ஆன் பண்ணினா ரேமைப் பழக்க ஒரு நிமிஷம்கூட ஆகலாம், பயந்து ஆஃப் பண்ணிடாதீங்க.

பயாஸில் எக்ஸ்எம்பி (ரேமை அதோட முழு வேகத்தில் ஓட்டுற அமைப்பு) ஆன் பண்ணணும், இல்லேன்னா 3200 ரேம் 2133-லோ 2400-லோ ஓடும். கடைசியா ப்ளெண்டரில் ப்ரிஃபரன்ஸ், சிஸ்டம் பக்கத்தில் ஆப்டிக்ஸ் தேர்ந்தெடுத்து கார்டை டிக் பண்ணிட்டு, ரெண்டர் ப்ராப்பர்ட்டீஸில் டிவைஸை ஜிபியு கம்ப்யூட்டுக்கு மாத்துங்க. ரெண்டு இடத்திலும் மாத்தணும். ஒண்ணை விட்டா சிபியுவிலேயே ஓடிக்கிட்டிருக்கும்.

மாங்கனி_3டி:
ரொம்ப நன்றிங்க. யுபிஎஸ்ஸும் எஸ்எம்பிஎஸ்ஸும் முதலில் தருமபுரியில் பார்க்கிறேன். லேபிள் ஃபோட்டோ எடுத்துட்டு வந்து இங்கே போடுறேன், வத்தல்மலை அண்ணா பார்த்துச் சொல்லுங்க.

வத்தல்மலை_வோல்ட்:
போடுங்க தம்பி. இன்புட் வரியும் +12 வோல்ட் கட்டமும் தெளிவா தெரியுற மாதிரி எடுங்க. யுபிஎஸ் பேட்டரியில் தயாரிப்பு மாசம் அச்சடிச்சிருக்கும், அதையும் ஒரு ஃபோட்டோ. ஆறு மாசத்துக்கு மேல கடையில் கிடந்த பேட்டரின்னா வேற பீஸ் கேளுங்க.